முற்போக்கு இறைநூலாரின் உமியும் அரிசியும்

மேலைநாட்டுக் கிறித்துவ சமயத்துள் ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகளாக ஒரு கொள்கை தோன்றி வளர்ந்து, இன்று அச்சமயத்தின் கல்விக் கழகங்கள் பலவற்றில் வலிபெற்று நிற்கின்றது. சமயத்தின் பழைய நூல்களையும் கோட்பாடுகளையும் சடங்குகளையும் அவ்வக்காலத்து அறிவுநிலைக்கேற்ப ஆராய்ந்து, அழியாத உட்பொருளை மட்டும் கைக்கொண்டு, ஏனையவற்றைக் காலத்தாற் படிந்த புறத்தோல் எனக் கழித்தல் வேண்டும் என்பது அதன் துணிபு. அதனை முற்போக்கு இறையியல் என வழங்குப. ஜெர்மானியராகிய ஷ்லையர்மாகர் என்பார், சமயத்தை இகழும் கற்றோரை நோக்கி விரிவுரை வடிவில் 1799ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட நூல் அதற்கு வாயில் திறந்தது. சமயமாவது கோட்பாடுகளின் தொகுதியும் அன்று, ஒழுக்க விதிகளின் தொகுதியும் அன்று. உள்ளத்து எழும் ஓர் உணர்வே என அவர் அதன்கண் நாட்டினார். பின்வந்தோர் அவ்வாயில் வழியே வெவ்வேறு திசையிற் சென்றனர்.

அயற்சமயத்தார் தம்முள் நிகழ்த்தும் இவ்வழக்கினாற் சைவர்க்கு ஆவது என்னை எனின், ஆவது பெரிதும் உண்டு. இந்தியாவிற் பணிசெய்த ஜே. என். பர்குவார் என்னும் கிறித்துவ ஊழியர் 1913இல் 'இந்து சமயத்தின் மகுடம்' எனப் பொருள்படும் பெயரால் ஒரு நூல் வெளியிட்டார். இந்து சமயங்களுள் நல்லன பல உள என்றும், அவை கிறித்துவினிடத்தே நிறைவெய்தும் என்றும், அந்நிறைவு வந்தபின் எஞ்சியவை உதிரும் என்றும் அந்நூல் கூறும். முன்னைப் பாதிரிமார் சைவத்தைப் பேய்வழிபாடு என வைதனர். அவ்வசைக்கு விடையிறுத்தல் எளிதாயிருந்தது. பர்குவாரின் புகழ்ச்சிக்கு விடையிறுத்தல் அத்துணை எளிதன்று. அதுவேயுமன்றி, சைவருள்ளேயே, "அன்பு ஒன்றே சைவம், தீக்கையும் பூசையும் ஆகம விதியும் வெறும் உமி" எனப் பேசுவார் தொகை பெருகி வருகின்றது. அவர்கள் அம்மொழியைத் திருமுறைகளிலிருந்து பெற்றதாக எண்ணுகின்றனர். பெற்ற இடம் பெரும்பாலும் வேறு.

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றனையும் முதற்கண் அதன் வாயாலேயே பேசவிட்டு, அதன் பின்னரே மறுக்கின்றார். முற்போக்கு இறையியலையும் அம்முறையால் ஆராய்தலே தக்கது. அதற்கு, அக்கொள்கையின் மிகத் தெளிந்த வடிவமாக எல்லாரும் உடன்படும் நூல் ஒன்றுண்டு. பெர்லின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அடால்ப் ஹார்னாக் 1899ஆம் ஆண்டின் கடையிலும் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக மாணவர் ஏறத்தாழ 600 பேர் கேட்ப நிகழ்த்திய 16 சொற்பொழிவுகளின் தொகுப்பே அது. 'கிறித்துவத்தின் சாரம்' என்னும் பொருளதாகிய அப்பெயருடன் அது 1900இல் வெளிவந்தது. அவ்வாண்டே போப்பையர் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட ஆண்டும் ஆம்.

ஹார்னாக் எளிய மனிதரல்லர். கிறித்துவக் கோட்பாடுகளின் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளில் எழுதியவர். பின்னாளில் பெர்லின் அரச நூல்நிலையத்தின் தலைவராகவும், இயற்கை அறிவியல் ஆராய்ச்சிக்கென 1911இல் நிறுவப்பெற்ற பேரமைப்பொன்றின் முதல் தலைவராகவும் விளங்கியவர். 1888இல் அவரைப் பெர்லினுக்கு அழைத்தபோது அந்நாட்டுத் திருச்சபையின் மேலவை தடுத்தது. அரசன் அத்தடையை விலக்கியே அவரை அமர்த்தினான். அவர் கண்ட முடிபு இது. திருத்துவம் முதலிய கோட்பாடுகள் இயேசு அருளியன அல்ல. நற்செய்தி கிரேக்கர் நிலத்திற் சென்று விழுந்தபோது கிரேக்க மெய்ந்நூல் அறிவு அதன்மேற் சமைத்த கட்டடங்களே அவை. அவற்றை நீக்கிப் பார்ப்பின் எஞ்சுவன மூன்று: இறைவனது அரசு வருதல், இறைவன் தந்தையாதலும் மனிதவுயிர் அளவிறந்த மதிப்புடையதாதலும், அன்பென்னும் கட்டளையில் அடங்கிய மேலான நீதி. இயேசு போதித்தது தந்தையைப் பற்றியே அன்றித் தம்மைப் பற்றி அன்று என்பதும் அவர் துணிபு. உமி வேறு, அரிசி வேறு என்னும் உவமையை அவர் பன்முறை எடுத்தாளுகின்றார்.

இக்கொள்கையின்கண் உள்ள வாய்மையை மறைத்தல் சித்தாந்திக்கு அழகன்று. நூல்களைக் காலமும் இடமும் அறிந்து பயிலுதல் வேண்டும் என்பதும், பின்னோர் கூறியதை முன்னோர் தலைமேல் ஏற்றுதல் கூடாது என்பதும், சமயத்தின் பெயரால் அறிவைப் பொய்யுரைக்க ஏவுதல் பாவம் என்பதும் அவ்வாசிரியர்பாற் கற்கத்தக்கனவே. சைவ நூல்களின் காலவாராய்ச்சியில் சைவரிற் பலர் இன்றும் காட்டும் அச்சத்தை நோக்க, அவரது நெஞ்சுரம் போற்றத்தக்கது.

இனி, இக்கொள்கை வளர்ந்ததனாற் சைவரது பழைய வாதப்படை எவ்வாறு முனைமழுங்கிற்று என்பது காணத்தக்கது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிற் பல்லாண்டு துணைபுரிந்து அந்நூலை நன்கு பயின்றவர். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம், பாதிரிமார் சைவக் கிரியைகளிற் குற்றமென எடுத்துக்காட்டியவற்றிற்கு ஒப்பானவற்றை விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக்காட்டிற்று. திருக்கோயில், விளக்கு, தூபம், நிவேதனம், சுத்தி, தீட்டு என்றின்னவற்றை எள்ளுவார் மோசேயின் நூல்களை யாது செய்வர் என்பதே அவ்வாதத்தின் உயிர். விவிலியம் முழுவதையும் இறைவாக்கெனக் கொண்ட பாதிரிமார்க்கு அதற்கு நேர்விடை இலதாயிற்று.

ஹார்னாக்கிற்கு விடை உண்டு. 1921இல் அவர் மார்சியன் என்னும் பழைய கிறித்துவ ஆசிரியனைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். மார்சியன் இரண்டாம் நூற்றாண்டிற் பழைய ஏற்பாட்டை முழுதும் தள்ளினவன். அவனைச் சபை அன்று மறுத்தது தக்கதே என்றும், பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தார் அந்நூலை விடாதது விதியின் வழியது என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின்னரும் அதனை முதனூலாகக் கொண்டு சுமப்பது சபையின் தளர்ச்சியே என்றும் ஹார்னாக் எழுதினார். படித்தற்குரிய நூல் என்பதே அதற்கு அவர் அளித்த இடம். நாவலர் எடுத்த படை இத்தகையார்மேற் படாது. "தீட்டும் தூபமும் உமக்கு உமி, எமக்கும் உமி" என்று கூறி அவர் அமைதியாக இருப்பர். ஆதலின், இற்றைச் சைவர் நாவலர் வாதத்தையே மீண்டும் மீண்டும் சொல்லி வெற்றிகொண்டதாக மகிழ்தல், பகைவர் விட்டுப்போன கோட்டையை முற்றுகையிடுதல் போலும்.

பின்னை, வாதிக்கத்தக்க இடம் யாது? உமியென்றும் அரிசியென்றும் பிரித்தற்கு அளவுகோல் யாது, அது யாண்டிருந்து வந்தது என வினாவும் இடமே அது.

இவ்வினாவை முதலில் எழுப்பியவர் சைவரல்லர். பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்க குருவாகிய லுவாசி என்பார் 1902இல் ஹார்னாக்கிற்கு மறுப்பெழுதினார். சமயத்தைப் பழுத்து அளிந்த கனியாகக் கருதித் தோலை உரித்துக்கொண்டே போதலைவிட, முளைத்து மரமாகும் வித்தாகக் கருதுதல் முறை என்பது அவர் வாதத்தின் பிழிவு. அதனைத் தம் சபைக்குக் காவலாக எழுதியவரை 1908இல் அச்சபையே விலக்கிற்று. அது வேறு கதை. அவர் தோழர் டிரல் என்பார், ஹார்னாக் பத்தொன்பது நூற்றாண்டுகளின் ஊடே ஆழ்கிணற்றினுட் குனிந்து நோக்கி, அடியில் தோன்றிய தம் காலத்தவர் முகநிழலையே இயேசுவின் முகமெனக் கொண்டார் என்றார். இதற்குச் சான்றும் இருந்தது. யோகன்னஸ் வைஸ் 1892இலும் ஆல்பர்ட் சுவைட்சர் 1906இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள், இயேசு கூறிய இறையரசு என்பது உள்ளத்தே படிப்படியாக வளரும் நல்லொழுக்கம் அன்று என்றும், உலகமுடிவை ஒட்டி இறைவனால் ஒருங்கே வருவதாக அவர் எதிர்நோக்கியது என்றும் காட்டின. ஹார்னாக் அரிசியெனக் கொண்டது பெர்லின் நகரத்துக் கற்றோர்க்கு இனியது. உமியெனக் கழித்தது அவர்க்கு இன்னாதது. வரலாற்றாராய்ச்சி அவர் கைக்கு விளக்காயிற்று எனினும், எதனைத் தேடுவது என்பதை அவ்விளக்கு சொல்லிற்றிலது.

இம்முறை எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் 1985இல் ராபர்ட் பங்க் என்பார் கூட்டிய 'இயேசு ஆய்வரங்கம்' சான்றாகும். அவ்வரங்கத்துப் புலவர் இயேசுவின் வாக்குகளாக வழங்குவனவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, சிவப்பு, இளஞ்சிவப்பு, சாம்பல், கருப்பு ஆகிய நால்நிற மணிகளைப் பெட்டியுள் இட்டு, அவர் கூறியதோ அன்றோ எனத் தீர்ப்பளித்தனர். அங்ஙனம் 100க்கு 82 பங்கு அவர் வாக்கு அன்று என 1993இல் அறிவித்தனர். பல்லாண்டு கற்றார் செய்தது ஆதலின் இதனை நகையாடி விடுதல் நேரிதன்று. ஆயினும், அளவையியல் பயின்ற சித்தாந்திக்கு இதனிடத்தே ஓர் ஐயம் எழும். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் உரையளவை என்பது பிற இரண்டும் எட்டாத பொருளை அறிவித்தற்கு அமைந்தது. கருதலளவையால் உரையின் சொல்வரலாற்றை ஆராயலாம். ஆனால், உரை கூறும் பொருளைக் கருதலுக்கு எட்டும் அளவே கொள்வேன் எனின், உரையளவை ஒன்று வேண்டற்பாலதே அன்று.

இரண்டாவதாக ஆராயத்தக்கது இறைவனியல்பு பற்றியது. ஹார்னாக்கிற்கு வழிகாட்டியவர்களுள் தலையானவர் ஆல்பிரெக்ட் ரிட்சல். இறைவன் தன்னளவில் எத்தகையன் என வினாவுதல் சமயத்தின் பணியன்று. அவன் உயிர்கட்கு யாதாகின்றான், யாது பயன் தருகின்றான் என்னும் மதிப்பீடே சமய அறிவு என்பது அவர் துணிபு. சித்தாந்தம் இறைவனுக்குத் தடத்த இலக்கணம், சொரூப இலக்கணம் என இரண்டு கூறும். உயிர்களின்பொருட்டு ஐந்தொழில் இயற்றி நிற்கும் நிலை முன்னையது. அத்தொடர்பு நோக்காது தன்னியல்பில் நிற்கும் நிலை பின்னையது. ரிட்சல் வழியினர் தடத்தத்தைக் கொண்டு சொரூபத்தைக் கைவிட்டனர் என்று கூறின், அவர் கொள்கை முழுவதும் சைவர்க்கு ஒருங்கே விளங்கும்.

தடத்தம் பொய்யன்று, அதன் வழியாகவன்றி உயிர் சொரூபத்தைத் தலைப்படுதல் இல்லை. ஆயினும், கதிரவன் முன் தாமரை மலரும் என்பது கொண்டு, தாமரை மலர்வதே கதிரவன் எனல் யாங்ஙனம்? பயனால் மட்டும் அறியப்படும் கடவுள், பயன் எனக் கருதப்படுவது மாறுந்தொறும் தானும் மாறுவன். இங்கிலாந்திற் ஜான் ராபின்சன் என்னும் அத்தியட்சர் 1963இல் வெளியிட்டுப் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விலைபோன சிறுநூல், இறைவனை மேலே உள்ளவன், அப்பால் உள்ளவன் எனக் கூறுதலை விட்டு உளதாதலின் நிலைக்களம் எனக் கூறுக என்றது. எங்கும் நிறைந்தவன் என்னும் அளவில் அது சைவர்க்குப் புதுமையன்று. அவர் அதனை இத்துணைக் கலக்கத்தோடு கண்டுபிடித்ததே புதுமை. அந்நிலைக்களம் உயிர்க்கு அருள்புரியும் அறிவுப்பொருளோ அன்றோ என்னும் இடத்தில் அந்நூல் தெளிவாக நில்லாது நழுவுகின்றது.

மூன்றாவது குறையே எல்லாவற்றினும் பெரிது. உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணத்துள் ஐக்கியவாத சைவரை மறுக்கின்றார். அவர் மாயையும் கன்மமும் உடன்பட்டு, ஆணவம் என ஒரு மலம் உண்டென்பதை மட்டும் உடன்படாதவர். ஏனையவெல்லாம் சித்தாந்தத்தோடு ஒப்பினும், அவ்வொன்று குறைந்தமையால் அவர் சித்தாந்தியாகார் என்பது ஆசிரியர் கருத்து. முற்போக்கு இறைநூலாரும் இவ்வினத்தவரே. தீமை என்பது அறியாமையாலும் சூழலாலும் வருவது. கல்வியாலும் திருத்தத்தாலும் படிப்படியாகத் தேய்வது என்றனர். உயிரறிவோடு ஒற்றித்து நின்று, அறிவையே தன் கருவியாக்கிக்கொள்ளும் இருள் ஒன்றுண்டு என்பதை அவர் எண்ணிலர். சித்தாந்த நூல்களிலும் நெல்லும் உமியும் உவமையாக வரும். ஆண்டு உமியெனப்பட்டது பழைய நூலோ சடங்கோ அன்று. உயிரைப் பற்றிய மலம். புடைப்பவன்மேல் உமியிருக்க, அவன் நூலைப் புடைக்கின்றான். காமாலைக் கண்ணன் பொருளின் நிறத்தை ஆராய்தல் போல்வது இது.

இக்குறை நூலளவில் நின்றிலது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் பெரும்போர் மூண்டபோது, அரசன் ஜெர்மானிய மக்கட்கு விடுத்த அறிக்கையை வரைந்து கொடுத்தவர் ஹார்னாக். அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மனியின் போரை முழுதும் தாங்கி 93 கற்றோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்திலும் அவர் பெயர் இருந்தது. அளவிறந்த மதிப்புடையது ஒவ்வோர் உயிரும் எனப் பாடஞ்சொன்ன வாய் அது. அவர் தீயவர் ஆகார். போரின்பின் புதிய குடியரசை மனமார ஆதரித்தார். அவர் மகன் எர்ன்ஸ்ட், ஹிட்லரை எதிர்த்த குற்றத்திற்காக 1945இற் கொல்லப்பட்டார். நல்லார் ஒருவரையே அவர் அறியாமல் இழுத்துச்செல்லும் ஆற்றலுடையது ஆணவம் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. முற்போக்கு வழியினருள் இதனை ஓரளவு உணர்ந்தவர் அமெரிக்கராகிய ரௌசன்புஷ். நியூயார்க்கு நகரத்து ஏழைமக்கள் சேரியில் ஊழியஞ்செய்து பட்டறிவு பெற்ற அவர், 1917இல் எழுதிய நூலில், தீமை தனியொருவர் அறியாமை மட்டும் அன்று, தலைமுறை தலைமுறையாகக் கூட்டத்துட் குடிகொண்டு மக்களை ஆள்வதோர் அரசு எனக் கூறினார். சேரி கற்பித்ததைப் பல்கலைக்கழகம் கற்பித்திலது போலும்.

அவ்விண்ணப்பத்தில் தம் ஆசிரியராகிய ஹார்னாக்கும் ஹெர்மனும் ஒப்பமிட்டமை கண்டு உளமுடைந்தவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்தின் சாபன்வில் என்னும் சிற்றூரிற் போதகராயிருந்த கார்ல் பார்த். உரோமருக்குப் பவுல் எழுதிய திருமுகத்திற்கு அவர் 1919இல் ஓர் உரை வெளியிட்டு, 1922இல் அதனை முற்றும் புதுக்கி எழுதினார். கடவுள் கடவுளே, மனிதன் தன் உணர்விலும் பண்பாட்டிலும் தேடிக் காண்பது கடவுளன்று என்று அது முழங்கிற்று. 1923இல் ஆசிரியரும் மாணவரும் ஓர் இதழில் வெளிப்படையாகக் கடிதம் எழுதி வாதிட்டனர். 1934இல், அரசின் இனவெறிக்கு இணங்கிய திருச்சபையினரை மறுத்துப் பார்மனிற் கூடியோர் வெளியிட்ட அறிக்கையைப் பெரிதும் வரைந்தவர் பார்த்தே. அந்நாளிற் பழைய ஏற்பாட்டை யூதர் நூலெனத் தள்ளுக என்று ஆரவாரித்தவர், ஹார்னாக் கருதாத பயனுக்கே அவர் கருத்தை ஒத்ததொன்றைக் கையிலெடுத்தனர்.

இது கொண்டு, பார்த் கொள்கையே சித்தாந்தத்திற்கு அணித்து எனச் சைவர் சிலர் எண்ணுவர். அதுவும் ஆராயாது கூறியதே. சித்தாந்தத்தில் இறைவன் உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்பவன். பார்த் இளமையில் வேறாதல் ஒன்றனையே பற்றினார். 1956இல் 'இறைவனது மனிதத்தன்மை' என்னும் சொற்பொழிவில் தாமே அதனை ஒருவாறு தளர்த்திக்கொண்டார். அவர் வழியைத் தழுவிய கிரேமர், 1938இல் தாம்பரத்திற் கூடிய உலகக் கிறித்துவ ஊழியர் மாநாட்டின்பொருட்டு எழுதிய நூலில், பிற சமயங்கள் கிறித்துவத்தில் நிறைவெய்தும் என்பதை மறுத்து, அவற்றிற்கும் கிறித்துவிற்கும் இடையே தொடர்பாலம் இல்லை என்றார். பர்குவார் சைவத்தைப் படிக்கட்டு ஆக்கினார். கிரேமர் அப்படிக்கட்டையும் எடுத்தார். சமயந்தோறும் நின்று அவ்வவர் பக்குவத்திற்கேற்ப அருளுபவன் இறைவன் எனக் கொள்ளும் சைவர்க்கு இவ்விருவருள் எவரும் துணையாகார்.

இனி, சைவருக்கே உரிய வழக்கு ஒன்று எஞ்சியுள்ளது. முற்போக்காரை மறுத்த அளவில், "உமியென ஒன்றும் இல்லை, வழங்கிவருவன எல்லாம் அரிசியே" என அமைதல் கூடுமோ எனின், கூடாது. 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் முன்னின்று தாழ்த்தப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அழைத்துச் சென்றபோது, ஆகமத்திற்கு மாறென அதனை எதிர்த்தோர் பலர். உமியை அரிசியெனக் காத்தோர் அவர். பெர்லினில் காலத்தின் விருப்பம் நூலுக்கு அளவுகோலாயிற்று. ஈண்டுக் குலச்செருக்கு ஆகமத்தின் போர்வையைப் போர்த்து வந்தது. இரண்டும் ஒரே ஆணவத்தின் செயலே. நூலைத் தள்ளுவானிடத்து மட்டும் அது உறையும், நூலை ஓதுவானிடத்து உறையாது எனக் கூற ஏதுவில்லை.

நூலுக்கு அகத்தே அளவுகோல் இல்லையோ எனின், உண்டு. தீக்கைக்கு உரிமை தருவது பிறப்போ, மலபரிபாகத்தின்வழி நிகழும் சத்திநிபாதமோ என்னும் வினாவிற்கு, மேற்கூறிய ஐக்கியவாதத்தை மறுத்த அவ்வுமாபதி சிவாசாரியர் வாழ்க்கையே விடையாக மரபில் ஓதப்படுகின்றது. தில்லைவாழந்தணர் குலத்துத் தோன்றிய அவர், மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டு, அவர் செங்குந்தர் தெருவில் ஏற்றுண்ட கூழின் எச்சிலை உண்டமையாற் குலத்தாரால் விலக்கப்பட்டார் என்ப. பின்னர்த் தம் மடத்திற்கு விறகு சுமந்துவந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்க எனக் கூத்தப்பெருமான் திருமுகம் வர, அவர் அச்சாம்பான் குலத்தை வினவிலர். அவனுக்கு நிருவாண தீக்கை செய்தார். அவனும் உடனே முத்தியடைந்தான். இறந்தவனைக் காணாத உறவினர் முறையிட, அரசன் வந்து வினாவியபோது, அவர் மலம் முதிர்ந்த பக்குவமே காரணம் எனக் கூறி, அருகில் நின்ற முள்ளிச்செடி ஒன்றற்கும் அவ்வாறே தீக்கை செய்து காட்டினார் என்பது வரலாறு.